கம்பளி வந்தது, தறி வரவில்லை

கம்பளிப்பூச்சியைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது. மேலே பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று அம்மாமார் பயமுறுத்தி வைத்த பூச்சி அது. ஆனால் அந்தப் பூச்சிக்குப் பெயர் கொடுத்த கம்பளி எப்படி இருக்கும், அதை யார் நெய்தார்கள், எந்த ஆட்டின் மயிரில் நெய்தார்கள் என்று கேட்டால், கோல சிலாங்கூரிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் இன்று பதில் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும்.

வெயில் கொளுத்தும் இந்த நாட்டில் கம்பளிக்கு என்ன வேலை என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் கடல் தாண்டிப் போய், நம் முன்னோர் புறப்பட்டு வந்த ஊர்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பழந்தமிழகத்தில் மயிர் ஆடை

தமிழர் உடை என்றால் பருத்தியும் பட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மதுரை நகரத்து அறுவை வீதியை வருணிக்கும் சிலப்பதிகாரம், பருத்தி நூல், மயிர், பட்டு நூல் ஆகிய மூன்றினாலும் நெய்த துணிகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைச் சொல்கிறது. அந்த மயிர் எலி மயிர் என்று உரையாசிரியர் அடியார்க்குநல்லார் விளக்குகிறார். சீவக சிந்தாமணியும் செவ்வெலியின் மயிரால் ஆன கம்பலம் ஒன்றைப் பேசுகிறது. எலி மயிர்ப் போர்வை அரண்மனைக்குரிய ஆடம்பரம். ஏழை எளியவர்களின் தோளில் கிடந்தது ஆட்டு மயிரில் நெய்த கம்பளி.

கம்பளி என்ற சொல்லும் கம்பளம் என்ற சொல்லும் வடமொழியின் கம்பல என்பதோடு தொடர்புடையவை. தெற்கத்திய ஊர்களில் அது வெறும் போர்வையின் பெயராக நின்றுவிடவில்லை. தொட்டிய நாயக்கர்களைக் கம்பளத்தார் என்றும் ராஜகம்பளத்தார் என்றும் அழைப்பதுண்டு. அவர்களுடைய சாதிக் கூட்டங்களில் கம்பளி விரித்து, அதன்மேல் கலசம் வைப்பார்கள் என்று 1909-ல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் பதிந்திருக்கிறார். அங்கே கம்பளி விரித்தால் அந்த இடம் சபையாகிவிடும். முரட்டுப் போர்வைக்கு இருந்த மரியாதை அது.

குறும்பாடும் குறும்பரும்

தமிழ்நாட்டில் எல்லா ஆட்டுக்கும் கம்பளி மயிர் கிடையாது. மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர் போன்ற செம்மறி இனங்களுக்கு உடம்பில் குட்டை முடிதான். கத்தரிக்க ஒன்றும் இல்லை. கம்பளிக்கு உதவியது குறும்பாடு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை, திருச்சி கருங்குறும்பை என்று இன்றும் கால்நடைத் துறையினர் குறிப்பிடும் இனங்கள் அந்த வழியில் வந்தவை. திருச்சி கருங்குறும்பை திருச்சி, பெரம்பலூர், சேலம், தருமபுரி வட்டாரங்களில் மேய்வது. நீலகிரி ஆட்டுக்கு மட்டும் மெல்லிய மயிர்; மற்றவற்றின் மயிர் முரட்டு மயிர்.

ஆட்டின் பெயரும் ஆளின் பெயரும் இங்கே ஒன்றாகவே ஒலிக்கின்றன. குறும்பாட்டை மேய்த்து, அதன் மயிரை நூற்று நெய்தவர்கள் குறும்பர். கன்னட நாட்டில் அவர்களே குருபர். 1800-ல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்கார அதிகாரி, குருபர்கள் ஆடு வளர்ப்பதையும் கம்பளி நெய்வதையும் எழுதி வைத்திருக்கிறார்.

அவர்கள் வேலை செய்யும் விதம் இதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை ஆடுகளைக் குளத்திலோ ஓடையிலோ குளிப்பாட்டி, கால்களைக் கட்டிப் படுக்க வைத்துக் கத்தரியால் மயிர் எடுப்பார்கள். ஓர் ஆடு ஒரு முறைக்கு அரைக் கிலோ மயிர்கூடத் தராது. ஆகவே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு கம்பளிக்கு ஐந்தாறு ஆடுகளின் மயிராவது வேண்டும். எடுத்த மயிரைக் கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று பிரிப்பார்கள். சாயம் போடும் பழக்கம் கிடையாது. ஆட்டின் நிறம்தான் கம்பளியின் நிறம். நல்ல கம்பளியின் கறுப்பு எத்தனை மழையிலும் கரையாததற்குக் காரணம் இதுவே.

பிரித்த மயிரை வில்லால் அடித்துப் பஞ்சாக்குவார்கள். வில்லின் நாண் அதிரும்போது சிக்கு அவிழ்ந்து தூசு விழுந்துவிடும். அதன்பிறகு பெண்களின் முறை. தக்கிளியிலோ ராட்டையிலோ அவர்கள் நூற்பார்கள். ஒரு கம்பளிக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி இந்த நூற்பிலேயே போய்விடும். நூற்ற நூலை வெளியில் நீளமாகப் பாவு ஓட்டி, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய கஞ்சியைத் தடவி வெயிலில் காய வைப்பார்கள். முரட்டு மயிர் நூல் அறுந்துபோகாமல் தறியில் நிற்பதற்கு இந்தக் கஞ்சிதான் பலம். தறியோ மிக எளியது: சில கம்புகள், கயிறு, ஊடையை இறுக்கி அடிக்க ஒரு மரவாள். தறி அகலம் போதாவிட்டால் இரண்டு பட்டைகளை நெய்து நடுவில் சேர்த்துத் தைத்துவிடுவார்கள்.

மேய்ப்பவர் ஒருவர், நூற்பவர் ஒருவர், நெய்பவர் ஒருவர் என்று குடும்பம் முழுதும் கைகொடுத்தால்தான் ஒரு கம்பளி உருவாகும். ஆட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும்; பாவு ஓட்ட வெட்டவெளி வேண்டும்; நூற்கப் பொழுது வேண்டும். இந்த மூன்றும் எங்கே கிடைத்தனவோ அங்கேதான் தொழில் வாழ்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் மலாயாவில் நடந்தது எளிதில் விளங்கும்.

ஒரு போர்வை, பல வேலை

அறுவடை முடிந்த வயலில் இரவெல்லாம் ஆட்டைக் கிடை போடுவார்கள். எருவுக்கு ஈடாக நில உடைமையாளர் தானியம் அளப்பார். அந்தக் கிடையில் பனியிலும் தூறலிலும் காவல் கிடப்பவருக்குக் கம்பளிதான் வீடு. மயிர் இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் உடம்புக்கு ஈரம் உறைக்காமல் வைத்திருக்கும். பருத்தித் துப்பட்டி நனைந்தால் குளிர் எலும்பைத் துளைக்கும். கம்பளி நனைந்தாலும் கதகதப்பு முற்றிலும் போய்விடாது.

மழை வந்தால் அதை ஒரு மூலையில் மடித்துத் தலையில் கவிழ்த்துக் கொங்காணி போட்டுக்கொள்வார்கள். தரையில் விரித்தால் பாய், சுருட்டினால் தலையணை, நான்கு முனையைக் கட்டினால் மூட்டை. கம்பளியிலே சோற்றைப் போட்டுவிட்டு மயிர் மயிர் என்று அலறுவதா என்று ஒரு பழமொழியே இருக்கிறது. அப்படியென்றால் சோறு கொட்டிச் சாப்பிடும் விரிப்பாகவும் அது இருந்திருக்கிறது.

தோட்டத்துக்கு வந்த கம்பளி

மலாயாவுக்கு ஆள் போன மாவட்டங்களைப் பாருங்கள்: தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, மதுரை. இவற்றில் திருச்சியும் சேலமும் குறும்பாடு மேய்ந்த நாடுகள். சஞ்சிக்கூலி முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் கங்காணி மூலம் ஆள் வந்துகொண்டே இருந்தது. 1907-ல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. ஆவடி முகாமிலும் நாகப்பட்டினத்து முகாமிலும் காத்திருந்து, கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கரையிறங்கினார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரை இது ஓடியது.

தளத்துப் பயணிக்கு ஒரு மூட்டைதான் சொத்து. கம்பளி வைத்திருந்தவருக்கு மூட்டையும் அதுவே, படுக்கையும் அதுவே. தமிழரின் கம்பளி அதற்கும் வெகு முன்பே இந்தக் கரையைத் தொட்டுவிட்டது என்பதற்கு மலாய் மொழியே சாட்சி. மலாய் அகராதியில் மயிர்த் துணிக்குக் கம்பெலி என்று ஒரு சொல் இருக்கிறது. கப்பல், கடை, கட்டில் ஆகிய சொற்கள் மலாய்க்காரர் நாவில் ஏறிய அதே வாணிப வழியில் கம்பளியும் ஏறியது. ஆடு மேய்த்த குறும்பரின் சரக்கு, அவர்கள் கண்ணால் பார்த்திராத கடலைத் தாண்டி வந்து ஒரு சொல்லை விட்டுச் சென்றிருக்கிறது.

சரி, இந்தப் புழுக்கத்தில் அது எதற்கு? வட சிலாங்கூரின் நிலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. சிலாங்கூர் ஆற்றின் இரு கரையும் சதுப்பு. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று நீண்ட காட்டை அழித்துத்தான் ரப்பர் நட்டார்கள். காடு அழிந்த இடத்தில் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகியது. 1901-ல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அதன்பிறகும் தோட்டங்களில் அந்தக் காய்ச்சல் நெடுங்காலம் ஆட்களை வாரிக்கொண்டு போனது.

மலேரியாவைத் தோட்டத்து மக்கள் குளிர்காய்ச்சல் என்றே சொன்னார்கள். நடுப்பகல் வெயிலிலும் பல் கிட்டி உடம்பு தூக்கிப் போடும். அந்த நடுக்கத்துக்கு வேட்டியும் சேலையும் போதாது. பலகைச் சுவர் இடுக்கில் காற்று நுழையும் லயத்தில், கனமான போர்வை இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையே இருந்த வேறுபாடு சின்னதல்ல. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பனி சொட்டும் பால்மரங்களுக்கு நடுவே நின்றவர்களுக்கும், மழைக்காலத்தில் நனைந்து திரும்பிய பிள்ளைகளுக்கும் அது வேண்டியிருந்தது.

இலங்கையின் கம்பளிக் கடன்

நம் உறவுகள் இன்னொரு பக்கம் இலங்கை மலைநாட்டுக்குப் போனார்கள். அங்கே கம்பளி தொழிலோடு ஒட்டிய உடை. கொட்டும் மழையில் கம்பளியைத் தலையில் போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக் கொழுந்து கிள்ளினார்கள் நம் பெண்கள். வெள்ளைக்காரத் துரைமார் அதைக் கம்ளி என்று தங்கள் ஆங்கிலத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். அரிசியோடு கம்பளியையும் தோட்டமே கொடுத்தது. இனாமாக அல்ல, கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதி, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது.

ஆற்றில் மிதந்து வந்த கரடியைக் கம்பளி மூட்டை என்று எண்ணிப் பிடித்தவன் கதை நமக்குத் தெரியும். கரையில் இருந்தவர்கள் விட்டுவிட்டு வா என்று கத்த, நான் விட்டேன், கம்பளி என்னை விடவில்லை என்றான் அவன். தோட்டத்துக் கடனும் அப்படித்தான் இருந்தது. கடன் தீராதவன் வேறு தோட்டம் போக முடியாது. போவதென்றால் புதிய தோட்டம் கடனை ஏற்றுக்கொள்வதற்கான துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிக்கப்பட்டது. குளிருக்குக் கொடுத்த போர்வையும் ஆளைக் கட்டிப்போட்ட கயிற்றில் ஓர் இழையாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தறி ஏன் வரவில்லை?

தமிழர் மலாயாவுக்குக் கொண்டுவந்த கலைகள் பல. கூத்து வந்தது, பறை வந்தது, காவடி வந்தது, சமையல் வந்தது. கம்பளி நெசவு மட்டும் வரவில்லை. ஏன்?

முதல் காரணம் ஆடு. குறும்பாடு காய்ந்த புல்வெளியின் பிராணி. சிலாங்கூர்ச் சதுப்பில் அது பிழைக்காது. இரண்டாவது காரணம் ஆள் திரட்டிய முறை. கங்காணி தேடியது காடு வெட்டவும் மரம் சீவவும் கைகள். ஆடு வைத்திருந்தவர் ஆட்டை விட்டுவிட்டுக் கப்பல் ஏற எளிதில் சம்மதிக்க மாட்டார். மூன்றாவது காரணம் பொழுது. ஊரில் தக்கிளி சுற்றிய பெண்ணின் மாலைப்பொழுது இங்கே தோட்டத்துக்குச் சொந்தமாகிவிட்டது. ஆணும் பெண்ணும் விடியலில் பெரட்டுக்குப் போனார்கள். குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடந்தது. பாவு ஓட்ட இடமும் இல்லை, நூற்க நேரமும் இல்லை. கூலி வேலை வெறும் உழைப்பை மட்டும் வாங்கவில்லை. ஒரு கைத்தொழில் முளைப்பதற்கான இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

இதற்குள் ஊரிலேயே தறி தளர்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பேட்லி என்ற ஊரில் 1813-ல் பெஞ்சமின் லா என்பவர், பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து மலிவான போர்வைகள் உலகெங்கும் போயின. கான்பூரில் 1876-ல் கம்பளி ஆலை எழுந்தது. பிறகு பெங்களூரிலும் ஆலை வந்தது. கையால் நெய்த கறுப்புக் கம்பளி உறுத்தும், ஆலைப் போர்வை மிருதுவாகவும் வண்ணமாகவும் இருக்கும், விலையும் குறைவு. பிற்காலத்தில் வட இந்தியாவின் பானிப்பட் நகரம் பழந்துணிக் கம்பளிப் போர்வைகளுக்குப் பேர்போனது. தோட்டத்துக் கடைகளுக்கு வந்து சேர்ந்தவை இப்படிப்பட்ட ஆலைச் சரக்குகளே. கம்பளி என்ற பெயர் மட்டும் மாறாமல் அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டது.

போர்வை இல்லாத ஆண்டுகள்

ஒரு துணியின் அருமை அது இல்லாதபோது தெரியும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவுக்குத் துணி வரத்து நின்றது. தோட்டத்து மக்கள் கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். ரப்பர் சீட்டைக்கூட உடம்பில் சுற்றிக்கொண்டார்கள்.

அதே காலத்தில்தான் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பான்மையோர் தோட்டத்துத் தமிழர். 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் காலராவும் மலேரியாவும் சேர்ந்து முகாம்களைக் காலி செய்தன. மூங்கில் தட்டியில், ஒழுகும் கூரைக்குக் கீழே, சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கி இறந்தவர்கள் எத்தனையோ ஆயிரம். மருந்தும் சோறும் இல்லாததே அவர்களைக் கொன்றது. ஆனால் சாகும்போது போர்த்திக்கொள்ள ஒரு கம்பளிகூட இல்லாமல் போனார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேர்க்கப்பட வேண்டிய வரிதான்.

ஆடு வந்தது, கை இல்லை

வரலாறு சில சமயம் வேடிக்கை செய்யும். பின்னாளில் ரப்பர்க் காட்டுக்குள் செம்மறி ஆடுகளே வந்தன. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தினர், மரங்களுக்கு அடியில் வளரும் களையை ஆடு மேய்ந்துவிட்டால் களைக்கொல்லிச் செலவு குறையும், இறைச்சியும் கிடைக்கும் என்று 1970, 80-களில் ஆராய்ந்தார்கள். மாலின் என்ற உள்நாட்டு ஆட்டோடு வெளிநாட்டு டார்செட் ஆட்டைக் கலந்து பார்த்தார்கள். கம்பளி மயிர் கொண்ட ஆடுகள் தமிழர் வாழ்ந்த தோட்டங்களில் மேய்ந்தன. ஆனால் அந்த மயிரை வில்லால் அடித்து நூற்கும் கை அங்கே இல்லை. பின்னர் வெப்பத்தைத் தாங்கட்டும் என்று மயிர் குறைந்த பார்படோஸ் இன ஆடுகளையும் நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

தாயகத்திலும் இதே கதைதான். ராணுவமும் அரசு விடுதிகளும் வாங்கியவரை தக்காணத்துக் கம்பளிக்கு ஒரு சந்தை இருந்தது. அது சுருங்கியதும் மயிருக்கு விலை இல்லை. கத்தரிக்கும் கூலிகூடக் கட்டவில்லை. கம்பளி ஆட்டை விட்டுவிட்டு இறைச்சி ஆட்டுக்கு மாறினார்கள் பலர். கம்பளிக்குப் பேர்பெற்ற கர்நாடகத்துச் சள்ளக்கெரேயில், ஆடுகள் மேய்ந்த அமிர்தமகால் காவல் புல்வெளியில் சுமார் 10,000 ஏக்கர் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, மேய்ப்பவர்களும் நெய்பவர்களும் வழக்குக்குப் போனார்கள். புல் போனால் ஆடு போகும், ஆடு போனால் தறி போகும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதை எடுத்துக்கொண்டு போகிறோம்?

கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் 1917-ல் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் எழுந்தது. பிரெஞ்சுக்காரர் ஹென்ரி போக்கோனியே நட்ட அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம், தமிழ்ச் சொல்லேதான். அந்தச் செம்பனை பிறகு ரப்பரைத் தள்ளியது. வீடமைப்பும் நகரமும் பல தோட்டங்களைத் தள்ளின. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பெயரே 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆனது. லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போகும் குடும்பங்கள் பழையதைக் கழித்துவிட்டுப் போகின்றன. இடம் சிறியது, பழைய டிரங்குப் பெட்டிக்கு அங்கே இடமில்லை.

அப்படிக் கழிக்கப்படும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. வெட்டுக்கத்தி, பித்தளைச் சொம்பு, கப்பல் சீட்டு, பூச்சி அரித்த கனமான போர்வை ஒன்று. அந்தப் போர்வை ஆலையில் நெய்ததா, கையால் நெய்ததா என்று கண்டுகொள்வது பெரிய வித்தையல்ல. சாயமில்லாத கறுப்போ பழுப்போ, நூலில் பருமன் சீராக இல்லாமை, கைக்கு உறுத்தும் முரடு, சில வேளை நடுவில் ஓடும் தையல்: இவை இருந்தால் அது குறும்பரின் கை வேலையாக இருக்கலாம். எந்த ஊரிலிருந்து, யார், எந்த ஆண்டு கொண்டுவந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்து வைத்தால் போதும். நாளை ஓர் ஆய்வாளர் வந்து கேட்டால் கையில் ஆதாரம் இருக்கும்.

மலேசியத் தமிழர் வரலாறு என்றால் கப்பல், கங்காணி, சம்பளம், சங்கம் என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. அவை வேண்டும்தான். ஆனால் வந்தவர்கள் எதை உடுத்தினார்கள், எதைப் போர்த்தினார்கள், அதைச் செய்தவர்கள் யார் என்பதும் வரலாறே. தறி இந்த மண்ணுக்கு வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. வந்த கம்பளியையாவது, அது எதற்காக வந்தது என்ற நினைவோடு நம் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம்.